நமக்கு எழுபத்தெட்டு வயசு

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், நான் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும், கதவைத் திறந்துவிட்டு அவள் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: “நாம இன்னிக்கி ரெண்டு வாட்டி வெளிய போனோம்க்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மந்தைவெளியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. “எப்படிம்மா வெளியே கூட்டிட்டுப் போனே? எங்கே போனீங்க?” என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்கியும் போலக்கா. கட்டில்லயே பெட்பேன் வெச்சித்தான் போனோம். காலைல கொஞ்சம் இறுக்கம். மத்தியானம் ஃப்ரீயா போச்சி.”

உள்ளே கட்டிலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. “மைக் வெச்சுச் சொல்லேன். மாட வீதி வரைக்கும் கேக்கட்டும்.”

அவள் பேச்சில் ‘நான்’ கிடையாது. எல்லாம் ‘நாம’தான். நாம குளிச்சோம், நாம மாத்திரை போட்டுகினோம், நமக்கு இன்னிக்கி பிரஷர் ஜாஸ்தி, நமக்கு இடது பக்கம் திரும்பினா வலிக்குது. முதலில் இது ஏதோ நர்ஸுகளின் வழக்கம் என்று நினைத்தேன். சாப்பிட்டோமா, தூங்கினோமா என்று டாக்டர்கள்கூடக் கேட்பதுண்டு. ஆனால் டாக்டர் கேட்டுவிட்டு அடுத்த ரூமுக்குப் போய்விடுவார். இவள் போகவில்லை. பிசியோதெரபிக்கு வந்த பையன் அம்மாவின் காலை மடக்கினால் அம்மாவுக்கு முன்னால் இவள் “ஸ்ஸ்... யம்மா” என்பாள். “யாருக்கும்மா வலிக்குது?” என்று அந்தப் பையன் குழம்பிப்போய்க் கேட்டான். “நமக்குத்தான்” என்றாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அடுத்தவர் விஷயம் தெரிந்தாக வேண்டும். வம்புக்காரி என்று அம்மா வைத்திருந்த பெயர் பொருத்தமானதுதான். ஆழ்வார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் நாளெல்லாம் உம்மென்று உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணுக்கு வேறு என்னதான் பொழுதுபோக்கு? வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். ஆகவே இவள் வந்ததிலிருந்து இவளைக் குடைவதே என் வேலையாயிற்று. ஆனால் ஒருத்தி ‘நான்’ என்றே சொல்லாமல் பேசினால் எங்கே பிடித்துக் குடைவது?

ஒரு நாள் அவள் வரும்போதே கண் சிவந்திருந்தது. என்னவென்று கேட்டேன். “பத்து வருசம் ஆவுதுக்கா நாம சாரத்துல இருந்து வுயுந்து. இதே நாளு” என்றாள். நான் பதறிவிட்டேன். இந்த உடம்போடா இவள் அம்மாவைத் தூக்குகிறாள் என்று அவள் முதுகைத் தடவிப் பார்த்தேன். அரை மணி நேரம் கேள்வி கேட்ட பிறகுதான் விழுந்தது அவள் இல்லை, அவளுடைய அண்ணன் என்று தெரிந்தது. பெயிண்டர். தி. நகரில் ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது கயிறு அறுந்து, தண்டுவடம் போய், அன்றிலிருந்து படுக்கை. காலையில் அண்ணனுக்கு எல்லாம் செய்து, மதியச் சாப்பாட்டைக் கை எட்டும் இடத்தில் வைத்து, எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் நிற்பாள். முன்பு ஆற்றோரத்தில் குடியிருந்தபோது நடந்தே வந்துவிடலாமாம். அங்கிருந்து கிளப்பி ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்ட பிறகு இரண்டு பஸ். சாயங்காலம் ஏழுக்குக் கிளம்பிப் போய் மறுபடி அண்ணனுக்கு எல்லாம். இரண்டு கட்டில்களுக்கு நடுவில் இரண்டு பஸ், அவ்வளவுதான் அவள் வாழ்க்கை.

“இதுக்கு முன்னாடி எங்கெங்கே வேலை பார்த்தே?” என்று ஒரு நாள் ஆரம்பித்தேன்.

“மொதல்ல அடையாறுல. அங்க நாம கேன்சர்ல செத்தோம்க்கா” என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே. “அப்புறம் கோபாலபுரம். ஆழ்வார்பேட்டைல ஒரே வூட்ல ரெண்டு வாட்டி. ஒரு வருசம் ஐயா, அடுத்த வருசம் அம்மா. கிண்டில ஒன்னு...” விரல் விட்டு எண்ணினேன். மொத்தம் ஏழு தடவை செத்திருந்தாள்.

எனக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. “இதுல எது நல்ல சாவு?”

“கேக்குற கேள்வியப் பாரு” என்றாள் அம்மா.

அவள் மட்டும் சீரியஸாக யோசித்தாள். “கோபாலபுரந்தான்க்கா. காலைல காபி குடிச்சோம். சக்கர கம்மின்னோம். அவ்ளோதான்.” சொல்லிவிட்டுக் கீரைத் தண்டுகளைக் குப்பையில் போடப் போனாள். அன்றைக்கு இரவு முழுக்க எனக்கு அவள் ஞாபகமாகவே இருந்தது.

இன்னொரு தடவை, தீபாவளிக்கு முன்னால், “உனக்கு என்ன ஸ்வீட் பிடிக்கும், வாங்கிட்டு வரேன்” என்றேன்.

“நமக்கு மைசூர்பாகு தான புடிக்கும்? பல்லுல ஒட்டாம சாஃப்டா வாங்குங்க.”

“அது அம்மாவுக்கு. உனக்கு என்ன பிடிக்கும்னு கேக்கறேன்.”

நின்றாள். யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நெற்றியெல்லாம் சுருங்க. கடைசியில் “தெர்லக்கா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாற்பத்திரண்டு வயது. எனக்குப் பகீரென்றது. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பகீருக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாதவள் எங்கே போய்விடப்போகிறாள்?

அவள் போனுக்கு ஒரு ராங் நம்பர் வந்தது, அம்மா படுத்து எட்டு மாதம் ஆனபோது. நான் வீட்டில் இல்லை. சாயங்காலம் அம்மாதான் படுத்தபடியே இரண்டு குரலில் நடித்துக் காட்டினாள்.

“அக்கா, டெய்லர் பேசறேங்க. ஜாக்கெட்டுக்கு எல்லா அளவும் எழுதிக்கினேன். இடுப்பு மட்டும் வுட்டுப்போச்சி. இடுப்பு எவ்ளோங்க?”

“இடுப்பு ஒடிஞ்சி எட்டு மாசம் ஆவுது நைனா.”

“அய்யய்யோ. எப்டிங்க?”

“பாத்ரூம்ல வழுக்கினோம்.”

“வயசு எவ்ளோங்க ஆவுது?”

“நமக்கு எழுபத்தெட்டு.”

“அப்ப ஜாக்கெட்டு குடுத்தது நீங்க இல்லியா?”

“நாம ஏது நைனா ஜாக்கெட்டு போட்றோம்? நைட்டி தான்.”

அம்மா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அவளோ “இன்னாம்மா, கேட்டாரு, சொன்னோம்” என்று முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். கதை அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஊரார் வம்பெல்லாம் தெரிந்த எனக்கு, என் வீட்டுக்குள்ளேயே தினமும் பதினொரு மணிக்கு ஒரு போன் வந்துகொண்டிருந்தது மட்டும் தெரியாமல் போயிற்று.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் காலிங் பெல் அடித்தது. அவள் லஸ் கார்னருக்கு மருந்து வாங்கப் போயிருந்தாள். திறந்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் இரண்டு பப்பாளி. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“ஆயா கீறாங்களாங்க?”

சென்னையில் ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, “கடைக்குப் போயிருக்கா. இப்ப வந்துடுவா” என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “கடைக்கா? இடுப்பு ஒடிஞ்சி படுத்த படுக்கையா கீறவங்கள கடைக்கு அனுப்பிட்டீங்களா?”

“யாரைச் சொல்றீங்க?”

“எங்க ஆயாவத்தாங்க. எழுபத்தெட்டு வயசு. சக்கர கீது, பிரஷர் கீது. முந்தாநாளு போன்ல விலாசம் குடுக்கும்போது கூட ரெண்டு நாளா வெளிய போலன்னு சொன்னாங்க. அதான் பப்பாளி...” என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் ஊரில் ஆயா என்றால் பாட்டி. எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்து சிரிக்கலாம்போல் இருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா முன்பே தெரிந்தவள்போல், “வாப்பா டெய்லரு. வந்தவாசியிலேருந்து எப்போ கிளம்பினே?” என்றாள். அந்த மனுஷர் அம்மாவைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “குரலு இது இல்லீங்களே” என்றார் மெதுவாக.

குரல் இது இல்லைதான். காது கேட்காத கிழங்களிடம் வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டைக் குரலாகிவிட்டது. போதாததற்கு எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் நைனா என்பாள். எங்கள் பக்கத்தில் அது சும்மா ஒரு வாய்வழக்கு. அவர் காதில் கிழவி பேரனைக் கொஞ்சுவதுபோல் விழுந்திருக்கிறது. நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். படுத்திருப்பது என் அம்மா. பேசியது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண். அவள் எல்லாவற்றையும் ‘நாம’ என்றுதான் சொல்லுவாள்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மனைவி இறந்து ஆறேழு வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை, பதினொரு மணிக்குக் கடையில் வேலை கொஞ்சம் குறையும், அந்த நேரத்தில் ஆயாவோடு இரண்டு வார்த்தை பேசுவது பழக்கமாகிவிட்டது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு காது மடலெல்லாம் சிவக்க, “அவங்களுக்கு என்னா வயசுங்க இருக்கும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. அவள் அப்போதே பஸ் ஏறிப் போய்விட்டது மாதிரி எனக்கு இருந்தது. நாளைக்கு அம்மாவை யார் தூக்குவார்கள், யார் துடைப்பார்கள், நான் எப்படி ஆபீஸ் போவேன்? யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அவளுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு பசங்க இருக்காங்க.”

“அப்டிங்களா. நல்லதுங்க” என்றார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தார். துணிப்பையை அம்மாவின் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அம்மா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மருந்தோடு வந்தாள். பப்பாளியைப் பார்த்தாள். “டெய்லரு வந்தாரா? போய்ட்டாரா? ஒரு பத்து நிமிசம் இருக்க சொல்லக் கூடாதாக்கா?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னார்.”

பையில் இருந்தது ஒரு நைட்டி. வெளிர்நீலப் பருத்தி. தலை வழியாகப் போட வேண்டாம். இரண்டு பக்கமும் திறந்து நாடா வைத்திருந்தது, படுத்தவர்களைப் புரட்டாமலே மாட்டிவிடலாம். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகுப் பக்கம் முழுவதும் உள்ளங்கையால் தடவினாள். “முதுகுல தையலே இல்லக்கா” என்றாள். “தையலு அழுத்தினா புண்ணு வருதுன்னு ஒரு வாட்டி சும்மா சொன்னோம். ஞாபகம் வெச்சிகினு கீறாரு.”

மறுநாள் பதினொரு மணிக்கு போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவள் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. அதற்குமேல் கூப்பிடுகிற ஜாதி இல்லை அவள். நான் சளி என்று சொல்லி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து அவளை வேவு பார்த்தேன், அப்படித்தான் சொல்ல வேண்டும். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினொரு மணியானால் போனை ஜன்னல் கட்டையில் நிமிர்த்தி வைப்பாள். பன்னிரண்டானதும் எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் ஓட்டினேன். வெட்கக்கேடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவள் அம்மாவுக்கு ரசம்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு வாயை விழுங்கிவிட்டு, “ஏண்டி, உனக்குக் கல்யாணமாயி ரெண்டு புள்ளைங்களாமே? எங்க கண்ணுல காட்டவே இல்லையே. கல்யாணச் சாப்பாடுகூடப் போடலையே?” என்றாள்.

அவள் சிரித்தாள். “நமக்கு வெயில் ஏறிகிச்சா? யாரும்மா சொன்னது?”

“நானா சொன்னேன்? இதோ நிக்கிறாளே மகராசி, இவ சொன்னா. அந்த டெய்லர்கிட்ட.”

அவள் கை ஸ்பூனோடு நின்றது. பிறகு அந்த வாயை ஊட்டி முடித்தாள். அம்மாவின் வாயைத் துடைத்தாள். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். “ஏங்க்கா?”

“நீ போயிட்டா அம்மாவை யாரு பாத்துப்பா?” இதைச் சொல்லும்போது நான் அழுதுகொண்டிருந்தேன்.

“அத என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் போனை வாங்கி நானே கூப்பிட்டேன். அவள் கூப்பிட்டு எடுக்காதவர் நான் கூப்பிட்டபோது எப்படி எடுத்தார் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எடுத்தார். நான் யார் என்று சொல்லி, அன்றைக்குச் சொன்னது பொய், அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

“அப்ப ரெண்டு பசங்க?”

“இல்லை. யாரும் இல்லை.”

“அடடா” என்றார். “வயசு தெரியாம குத்துமதிப்பா ரெண்டு சட்ட வெட்டி வெச்சிருக்கனே.”

ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா சிரித்தாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன், எட்டிப் பார்க்காவிட்டால் நான் நானா? அழுகிறாள் என்று நினைத்தேன். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தம் வராமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனுஷர் அவளை ஏன் ஏமாற்றினாய் என்று கேட்கவே இல்லையாம். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். “கிழவின்னு நினைச்சுத்தான் பேசறார்னு உனக்குத் தெரியவே தெரியாதா?” என்று துளைத்தேன்.

“ஆயான்னு தான கூப்ட்டாரு. அல்லாரும் நம்மள ஆயான்னு தான கூப்புட்றாங்க” என்றாள். “ஒடம்பு எப்டி கீது, சாப்ட்டியான்னு கேப்பாரு. எந்த ஒடம்பன்னு நான் இன்னாத்த கண்டேன்? கேக்க ஒரு ஆளு கீதேன்னு இருந்துச்சி.”

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். இருவரும் குளக்கரை வரை நடந்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், “பேசலக்கா. சுண்டல் சாப்ட்டோம்” என்பாள். ஒரு வாரம் அவள் வீட்டுக்குப் போய் அண்ணனோடு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தார். ஒரு நாள் காலையில் அவள் வந்து, பையைக்கூட வைக்காமல், கதவோரமாகவே நின்று சொன்னாள்.

“அக்கா, நாங்க முடிவு பண்ணிட்டோம்க்கா.”

எனக்கு முதலில் விஷயம் காதில் விழவில்லை. அந்த ‘நாங்க’தான் விழுந்தது. இத்தனை நாளில் அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அதில் நான் இல்லை, அம்மா இல்லை, பிரஷர், சுகர், பெட்பேன் எதுவும் இல்லை. அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, யாரோ என்னை வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தியதுபோலவும் இருந்தது.

இரண்டு மாதம் முன்கூட்டியே சொன்னாள். புது ஆள் வந்ததும் ஒரு வாரம் கூடவே இருந்து பழக்கினாள். அண்ணனையும் வேன் வைத்து அழைத்துப் போனார்கள். வந்தவாசியில் ஒரு கோயிலில் கல்யாணம். அம்மாவை விட்டுவிட்டு நான் போக முடியவில்லை.

அவள் போன ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். முதல் பெண் நல்லவள், ஆனால் கர்ப்பமாகிவிட்டாள். இரண்டாமவளை அம்மாவே திட்டித் துரத்தினாள். மூன்றாமவள் ஒரு வெள்ளிக்கிழமை போனவள் வரவே இல்லை, போனும் ஸ்விட்ச் ஆஃப். அம்மாவுக்கு முதுகில் சிவப்பு படர ஆரம்பித்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு நாளைக்குப் பக்கத்து வீட்டு அம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, “சும்மா அவளைப் பாத்துட்டு வரேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சும்மா இல்லை. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போ என்று கேட்கத்தான் போனேன். கேட்டால் அவள் மறுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

வந்தவாசி சின்ன ஊர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மெட்ராஸில் பெண் கட்டிய டெய்லர் கடை எது என்று கேட்டதும், “அந்த மெட்ராஸ் அக்கா வூடா?” என்று பூக்காரம்மா கை காட்டினாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மத்தியானம் இரண்டு மணி. கடைக்குள் ஓரமாகக் கட்டில் போட்டு, அதில் குப்புறப் படுத்தபடி அவள் அண்ணன் ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து உள்ளே ஜாடை காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். தரையில் பாயைப் போட்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கால் பாய்க்கு வெளியே கிடந்தது. பட்டப்பகலில், மின்விசிறிக்கு அடியில், ஒரு வேலையும் இல்லாதவள்போல் தூங்கினாள். அவள் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் அவள் எப்போது தூங்குகிறாள் என்று இவ்வளவு வம்பு விசாரித்த நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் என்னைக் கடைக்குள் ஸ்டூலில் உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு வந்தார். “எழுப்பட்டுங்களா?” என்றார்.

நான் உள்ளே பாய் இருந்த பக்கமே பார்த்தேன்.

“புது ஆயா நின்னுட்டாங்களா?” என்று அவரே கேட்டார்.

“ஆமாம்.”

அவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஓட்டவில்லை. சக்கரத்தின்மேல் கையை மட்டும் வைத்திருந்தார். “நீங்க ஒரு வார்த்த சொன்னா வந்துடுங்க அது. இங்க போட்டது போட்டபடி வந்துடும். அதாங்க எழுப்பாம கீறேன்” என்றார். அதில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

“நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

டீ குடித்து முடித்ததும் கிளம்பினேன். படி இறங்குமுன் என் புத்தி சும்மா இருக்குமா? “சந்தோஷமா இருக்காளா?” என்று கேட்டேன்.

“தெனம் சண்டங்க” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. “இந்த வெத்தலப் பாக்கு வாடையே ஆவாதுங்குது. சன்னலுக்குப் பச்ச பெயிண்டு தான் அடிக்கணுமாம். சந்தைக்கு என் கூட வராது, நான் வெல கேக்கத் தெரியாத ஆளாம். அது வேணாம், இது வேணும்னு ஒரே அழிச்சாட்டியம்.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு மட்டும் செங்கல்பட்டு வரைக்கும் பதில் கிடைக்கவில்லை. ஆபீஸுக்கு போன் செய்து இன்னும் பத்து நாள் லீவு கேட்டேன்.

மறுநாள் காலையில் அம்மாவை நானே துடைத்துவிட்டேன். பக்கெட்டில் வெந்நீர், இரண்டு துண்டு, பவுடர். எப்படித் திருப்புவது என்று தெரியாமல் ஒரு கையை அவள் தோளுக்கடியில் கொடுத்துத் திணறினேன். “இந்தப் பக்கம் இல்லடி, அந்தப் பக்கம். முட்டியை மடக்கிட்டுத் தள்ளு” என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வழியாகச் சாய்ந்து சுவரைப் பார்த்துப் படுத்ததும் கேட்டாள்.

“கேட்டியா அவகிட்ட?”

“இல்லை. தூங்கிட்டிருந்தா.”

“நல்ல வேளை” என்றாள் அம்மா. பிறகு சுவரைப் பார்த்தபடியே, “கேட்டிருந்தா வந்திருப்பா. வந்திருந்தா நானும் திரும்பிப் போன்னு சொல்லியிருக்க மாட்டேன்டி” என்றாள்.

துண்டைப் பிழிந்து அவள் முதுகைத் துடைத்தேன்.